எனக்குச் சுகர் வருமா? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

கடலூர், புதுவைப் பக்கம் சர்க்கரை நோய் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வசனம் கட்டாயம் வரும். "எங்க பரம்பரையிலயே கெடையாது, எனக்கெல்லாம் வராது" என்பது ஒன்று. "அம்மாவுக்கு இருக்கு, எப்படியும் வரத்தான் போவுது, அதுவரைக்கும் நல்லா சாப்ட்டுக்கறேன்" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. கணக்கு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதற்குத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பும் ஐந்து நிமிடமும் போதும்.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு) புதுவையில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். இந்தியச் சராசரி 11.4 சதவீதம்தான். நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்கு நோய், அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னும் 13.6 கோடிப் பேர் என்கிறது அதே ஆய்வு. கடலூர்க்காரர் 'அது பாண்டிக் கணக்கு' என்று ஒதுங்கிவிட முடியாது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத் தூரம். இங்கேயும் அதே அரிசி, அதே டீக்கடை, அதே பைக் சவாரிதான்.

இங்கே பேசப்போவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி. வயது ஏறும்போது வருவது, நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது. சின்ன வயதில் திடீரென்று வந்து முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசி தேவைப்படும் முதல் வகை வேறு. அதைச் சாப்பாட்டாலும் நடையாலும் தடுக்க முடியாது. அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் "ஸ்வீட் அதிகமா குடுத்தீங்களா" என்று யாரும் கேட்காமல் இருந்தாலே பெரிய புண்ணியம். ஏற்கெனவே சுகர் மாத்திரை போடுபவர்களும் கர்ப்பிணிகளும் இதைப் படித்துவிட்டு மருந்திலோ சாப்பாட்டிலோ தாமாகக் கை வைக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சோறு, இட்லி, பரோட்டா, பழம் எது சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோஸைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பி வைக்கும். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளேயும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல் அங்கே எடுபடாமல் போகிறது. கணையம் ஓவர்டைம் பார்த்து இன்னும் அதிகமாகச் சுரக்கும். பல வருடம் அப்படியே சமாளிக்கும். ஒரு கட்டத்தில் முடியாமல் போகும்போதுதான் ரிப்போர்ட்டில் எண் ஏறுகிறது. அந்தப் பல வருடமும் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, எடை இறங்குவது எல்லாம் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகு வரும் அறிகுறிகள். அதற்காகக் காத்திருந்தால் தடுக்கும் காலம் போய்விடும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் உடல்வாகு இங்கே சகஜம். எடை மெஷின் 62 கிலோ காட்டும், எல்லோரும் 'ஒல்லி' என்பார்கள், உள்ளே கொழுப்பு இருக்கும், தசை குறைவாக இருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டில் (கிலோவை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் எண்) 25 வரைக்கும் காத்திருக்காமல் 23லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். எடையை விட இடுப்பு அதிகம் சொல்லும்.

முதல் வேலை: டேப்

காலையில், சாப்பிடும் முன், சட்டையைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப் ஓட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே அல்லது அதே மட்டத்தில் வரும். டேப் தோலை ஒட்டியிருக்கட்டும், அழுத்த வேண்டாம். பின்பக்கம் டேப் தொங்கிவிடாமல் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது. சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

பேண்ட் சைஸை எழுதிவிடக் கூடாது. தொப்பை உள்ள ஆண்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறார்கள். 34 சைஸ் பேண்ட் போடுபவருக்கு டேப்பில் 39 இஞ்ச் வருவது சாதாரணம். புடவையும் லுங்கியும் இன்னும் மோசம், வருஷக் கணக்கில் இடுப்பு ஏறியதே தெரியாது. இஞ்ச்சில் அளந்தால் 2.54ஆல் பெருக்கி சென்டிமீட்டராக எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போடுவது

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005ல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' நான்கே கேள்விகள் கொண்டது. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

வயது: 35க்குக் கீழே என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50ம் அதற்கு மேலும் 30.

இடுப்பு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே, ஆண்களுக்கு 90க்குக் கீழே என்றால் 0. பெண்களுக்கு 80 முதல் 89, ஆண்களுக்கு 90 முதல் 99 என்றால் 10. அதற்கு மேலே போனால் 20.

உடலுழைப்பு: முறையான உடற்பயிற்சியும் உண்டு, கடினமான வேலையும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

மொத்தம் நூறு. 60க்குமேல் போனாலும் சரியாக 60 வந்தாலும் அபாயம் அதிகம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30க்குக் கீழே குறைவு.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கும் 42 வயதுக்காரர் ஒருவரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு 94, அம்மாவுக்குச் சுகர், போவதும் வருவதும் பைக்கில். 20, 10, 30, 10 என்று கூட்டினால் 70. கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுன்) மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் 38 வயதுப் பெண், இடுப்பு 78, பெற்றோருக்கு இல்லை: 20, 0, 20, 0, ஆக 40. புதுவை முத்தியால்பேட்டையில் 55 வயது அம்மா, இடுப்பு 93, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருந்தது, நடை கிடையாது: நூற்றுக்கு நூறு.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வயதுக்கு 30, பெற்றோருக்கு 20. இந்த 50ஐ யாராலும் மாற்ற முடியாது. இடுப்புக்கு 20, உழைப்புக்கு 30. இந்த 50 முழுக்க நம் கையில். நம் மஞ்சக்குப்பம்காரர் தினமும் நடக்க ஆரம்பித்து இடுப்பை 89க்குக் கொண்டுவந்தால் 70 என்பது 50 ஆகிறது, அதிக அபாயப் பட்டியலிலிருந்து பெயர் இறங்கிவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஐம்பதாவது பிறந்தநாளன்று கேக்கோடு இன்னொரு 10 சேர்ந்து 80. பரம்பரையில் இல்லை என்பவருக்கும் இதே கணக்குதான்: பெற்றோருக்கு இல்லாததால் கழிவது வெறும் 20. மீதி 80 அப்படியே நிற்கிறது.

மதிப்பெண் நோயைச் சொல்லாது, யார் உடனே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். அதில் கேட்காத சில விஷயங்கள் இருந்தால் எண் குறைவாக வந்தாலும் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது, நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.), ரத்தக்கொதிப்பு, ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தது, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்டது. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அதுவும் சேர்த்தி. அதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளைப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்த்தால் போகாது, இன்சுலின் எடுபடாததன் அடையாளம் அது.

எந்த டெஸ்ட், எங்கே

முகாம்களில் விரல் நுனியைக் குத்தி மெஷினில் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றுமே பார்க்காததற்கு அது மேல். ஆனால் 'இருக்கு', 'இல்லை' என்ற முடிவு நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்த எண்ணில்தான் வர வேண்டும்.

வெறும் வயிற்று டெஸ்ட் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வீட்டுக்குப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. வெறும் வயிற்றில் 94 வரும், சாப்பிட்டபின் 170க்கு ஏறும். அப்படிப்பட்டவர்கள் ஒற்றை டெஸ்டில் தப்பிவிடுகிறார்கள். அதனால் மதிப்பெண் 60ஐத் தொட்டவர்கள் டாக்டரிடம் கேட்டு ஜி.டி.டி. (குளுக்கோஸ் குடித்துவிட்டுப் பார்க்கும் டெஸ்ட்) பார்ப்பது நல்லது. இரவு சாப்பாட்டுக்குப் பின் 8 முதல் 10 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். கொஞ்சம் குமட்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். நடுவில் டீ, சிகரெட், பஜார் சுற்றல் எதுவும் வேண்டாம், உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றினால் தசை குளுக்கோஸை இழுத்து எண் குறைந்து வரும். வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கும் 'பி.பி.' டெஸ்ட் (ரத்த அழுத்தம் இல்லை, சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சர்க்கரை) ஏற்கெனவே சுகர் உள்ளவர்களின் மருந்தைச் சரிபார்க்க உதவும், கண்டுபிடிக்க அவ்வளவு துல்லியம் கிடையாது. ஒருவர் இரண்டு இட்லி, ஒருவர் ஏழு பூரி.

எச்.பி.ஏ.1.சி. என்பது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட். வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரமும் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உள்ளதைவிட ஏறிக் காட்டலாம். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று தெரியும்தானே. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய அவசியமில்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழக அரசு 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கடலூர் மாவட்டத்திலும் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வரும்போது "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று வாசலோடு அனுப்பிவிடாமல் விரலை நீட்டுங்கள். புதுவையிலும் அந்தந்தப் பகுதி சுகாதார நிலையம் போதும். முதல் பரிசோதனைக்கே கோரிமேடு ஜிப்மருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சிக்கலான நிலை என்றால் அங்கே போகலாம்.

எண்களைப் படிப்பது

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நார்மல். 100 முதல் 125 வரை முன்நிலை, அதாவது நோய்க்கு முந்தைய கட்டம். 126ம் மேலும் சர்க்கரை நோய். குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே நார்மல், 140 முதல் 199 முன்நிலை, 200ம் மேலும் நோய். எச்.பி.ஏ.1.சி. 5.7க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 முன்நிலை, 6.5ம் மேலும் நோய். அறிகுறி எதுவும் இல்லாமல் ஒரே ஒரு எண் மட்டும் எல்லையைத் தாண்டியிருந்தால், இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்தபிறகுதான் முடிவு.

நடுவில் உள்ள முன்நிலையைத்தான் நம் ஊரில் 'பார்டர்' என்கிறோம். "பார்டர்லதான் இருக்கு, ஒண்ணும் இல்லையாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 'பார்டர்' ஆட்களைச் சேர்த்து மூன்று வருடம் பின்தொடர்ந்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நடந்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40.5. நடையும் மாத்திரையும் சேர்ந்தும் அதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்காக இருந்தும் சிலருக்கு வரத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் 'நூறு சதவீதம் தடுக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் பொடி விற்பவர்களை நம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த ஆய்வில் எடை பெரிதாக இறங்காமலே பலன் கிடைத்தது. மெஷினில் முள் அசையவில்லை என்று இரண்டே மாதத்தில் நடையை விட்டுவிடுபவர்களுக்கு இது ஆறுதல்.

சோற்றில் கை வைப்பது

மதியச் சாப்பாட்டின் அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு முறையும் கரண்டி தனியாக வருவதால் மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மட்டும் வழக்கமாகச் சாப்பிடும் சோறு மொத்தத்தையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வெந்த சோறு 150 கிராமில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து. பலருக்கு அந்தக் கிண்ணத்தில் 400 கிராம் இருக்கும்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். மூன்று சோறையும் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தை முதலிலேயே அளந்து தட்டில் போட்டு, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வழக்கத்தில் கால்வாசி குறைத்தால் போதும். குறைந்த இடத்தை வெறுமனே விட்டால் நான்கு மணிக்கு பஜ்ஜிக் கடையில் நிற்பீர்கள். அந்த இடத்தில் பொரியலை இரட்டிப்பாக்கி, முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். நம் சாப்பாட்டில் குறைவது புரதம்தான். ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் குழுவே செய்த இன்னொரு கணக்கு, மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவதுதான் இங்கே சர்க்கரையைத் தடுக்கும் வழி என்கிறது.

வரிசையும் முக்கியம். பொரியலையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டு, சோற்றுக்கு அப்புறம் போனால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. நம்மவர்கள் தொட்டுக்கொள்ள என்று பொரியலைக் கடைசிவரை மிச்சம் வைப்பவர்கள். பழக்கத்தை மாற்றக் கொஞ்ச நாள் ஆகும்.

கடல் பக்கத்தில் இருப்பதன் லாபம் மீன். மத்தி, நெத்திலி, சங்கரா எதிலும் மாவுச்சத்து கிடையாது, காசும் வஞ்சிரத்தை விடக் குறைவு. சிக்கல் எங்கே என்றால், மீன் குழம்பு வைத்த அன்று சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும். புளியும் காரமும் அப்படி இழுக்கும். அன்றைக்குத்தான் முன்கூட்டியே அளந்து போட்டுக்கொள்ள வேண்டும். வறுவல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்றால் பரவாயில்லை.

"ராத்திரி சோறே தொடறதில்ல, நாலு தோசைதான்" என்பது இன்னொரு அழகான சமாதானம். தோசை மாவில் நாலு பங்கு அரிசி. இட்லி, ஆப்பம், இடியாப்பம், புட்டு எல்லாமே அரிசிதான். சப்பாத்தியும் மாவுதான், நான்கைந்து போனால் சோற்றுக்குச் சமம். பருப்பு அதிகம் போட்ட அடை, பச்சைப்பயறு தோசை, சாம்பாரில் கூடுதல் காய் என்று போனால் கொஞ்சம் நியாயம். கேழ்வரகு, கம்பு நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் வேகமாகத்தான் செரித்து ஏறும். ஆடி மாதக் கூழை அளவோடு, சின்ன வெங்காயத்தோடு குடியுங்கள், மருந்து என்று நினைத்து இரண்டு சொம்பு வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே கதை. தவிடு நீக்காதது நல்லது, ஆனாலும் அரிசி அரிசிதான்.

டீக்குப் போவோம். ஒரு ஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். கடை டீயில் இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'சக்கர கம்மி' என்று சொல்லிப் பார்த்தால் மாஸ்டர் ஒன்றரை போடுவார். 'சக்கர இல்லாம' என்று சொல்லிவிட்டுத் தேவைப்பட்டால் அரை ஸ்பூன் நீங்களே கேட்டு வாங்குவது தெளிவு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். ஆர்கானிக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியதால் கணையம் தள்ளுபடி தராது. கரும்புச்சாறு ஒரு தம்ளரில் ஆறு ஸ்பூனுக்குக் குறையாது. நெல்லிக்குப்பம் பக்கம் வெயிலில் போகும்போது கை தானாக நீளும், மோரோ சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறோ குடித்துப் பழகுங்கள்.

பண்ருட்டிப் பலாவைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். பழுத்த சுளை 100 கிராமில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை. முன்நிலையில் உள்ளவர் இரண்டு மூன்று சுளை சாப்பிடலாம், சாப்பாட்டோடு சேர்க்காமல், அன்றைக்கு வேறு இனிப்பு இல்லாமல். அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டால்தான் எண்ணிக்கை போய்விடும்.

புதுவையில் பாட்டில் மலிவு என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. தினக் குடி கல்லீரல் கொழுப்பையும் இடுப்பையும் ஏற்றும், தொட்டுக்கொள்ளும் சைடு டிஷ் மீதியை ஏற்றும். சிகரெட்டும் சர்க்கரை நோய் அபாயத்தைக் கூட்டுகிறது, இது பலருக்குத் தெரிவதில்லை.

கால்களுக்கு வேலை

மதிப்பெண்ணில் அதிகமாக மாற்றக்கூடிய தனி இனம் இதுதான். சுருங்கி விரியும் தசை இன்சுலினுக்காக அதிகம் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். ஆகவே நடைக்கு நல்ல நேரம் எது என்று கேட்டால், சாப்பிட்டு முடித்த உடனே பத்துப் பதினைந்து நிமிடம். மூன்று வேளைக்கும் அப்படி நடந்தால் ஒரு நாள் கணக்கு முடிந்தது, அதிகாலை நாலரைக்கு அலாரம் வைக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் இலக்கு. வேகம் எப்படி என்றால், பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இடம் பஞ்சமில்லை. புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. கடலூரில் சில்வர் பீச்சும் மஞ்சக்குப்பம் மைதானமும் இருக்கின்றன. பீச்சில் நடந்துவிட்டு மிளகாய் பஜ்ஜி இரண்டு பிளேட் சாப்பிட்டுத் திரும்புவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான தடை மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வந்து நடை ஒருமுறை நின்றால், பலருக்குத் தை வரை திரும்ப ஆரம்பிப்பதில்லை. அந்த மாதங்களுக்கு வீட்டுக்குள் செய்ய ஒரு மாற்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: மாடிப்படி ஏறி இறங்குவது, ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டே எட்டு போடுவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. கடைசியில் சொன்னதும் சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டாலும் தசைக்கும் நல்லது. வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும். ஒல்லியாக, தொப்பையோடு இருப்பவர்களுக்கு நடையைவிடக்கூட இது தேவை.

"வீட்டு வேலையே போதாதா?" என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. துணி அலசுவது, தண்ணீர் தூக்குவது, வீடு துடைப்பது உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்தபிறகு மீதியிருப்பது பெரும்பாலும் அடுப்பு முன் நிற்பது. அதில் மூச்சு வாங்காது. சாப்பாட்டுக்குப் பின் பாத்திரத்தைப் பிள்ளைகளிடமோ கணவரிடமோ விட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்க வீட்டில் இடம் கிடைக்க வேண்டும். இது உடம்பு விஷயம் மட்டும் கிடையாது, வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

நெய்வேலி ஷிப்ட், சிப்காட் ஷிப்ட், ஆஸ்பத்திரி நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல். தூக்கம் குறைந்தால் இன்சுலின் வேலையும் கெடும், நள்ளிரவுப் பசிக்கு பரோட்டாவும் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டிலிருந்தே சுண்டலோ அவித்த முட்டையோ எடுத்துப் போவதும், பகலில் இருட்டறையில் தொடர்ந்து தூங்குவதும் அவர்களுக்கு நடையை விட முதல் வேலை.

எடை கூடுதலாக உள்ளவர்கள் ஆறு மாதத்தில் 5 முதல் 7 சதவீதம் இறக்கினால் போதும். 80 கிலோவுக்கு அது நான்கு முதல் ஐந்தரைக் கிலோ.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள்

இங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்க்கிறார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறகு இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் அபாயம் இவர்களுக்கு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் ஜி.டி.டி. பார்க்க வேண்டும். அந்த நேரம் தாய் வீட்டில் பச்சைக்குழந்தையோடு இருப்பார்கள், பத்தியம் என்ற பெயரில் பேச்சு முழுக்க நெய்யும் லேகியமும்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே அம்மாவுக்கும் பார்த்துவிடலாம். நார்மல் என்று வந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க.

திரும்பப் பார்ப்பது எப்போது

நார்மல் வந்து மதிப்பெண்ணும் குறைவு என்றால் மூன்று வருடம் கழித்து. நார்மல், ஆனால் மதிப்பெண் 60ம் அதற்கு மேலும் என்றால் வருடம் ஒருமுறை. முன்நிலை என்றால் மூன்று முதல் ஆறு மாதம் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிவிட்டு ஒருமுறை, பிறகு வருடாவருடம். எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, எடை மிக அதிகமாக இருந்தாலோ, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருந்தாலோ மெட்ஃபார்மின் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது வேண்டாம். பாகற்காயும் வெந்தயமும் சமையலில் இருக்கட்டும். பெயர் எழுதாத டப்பாவில் வரும் சுகர் பொடியை வாங்காதீர்கள், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் இடுப்பு அளவையும் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். போன வருடம் 98, இந்த வருடம் 108 என்றால் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்தால், தாள் மழையில் நனைந்தாலும் கவலையில்லை. உங்களுக்கு முன்நிலை என்று வந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கான மதிப்பெண் அவர்களுக்கும் அதேதான்.